விற்பனை ‘மேலே போகிறது’ என்பதை ஆங்கிலத்தில் இயல்பாக எப்படிச் சொல்வது?

கேட்டிருப்பவர் ஒரு ஜவுளிக்கடைக் கிளையில் கணக்குப் பார்ப்பவர். மாதாமாதம் தலைமை அலுவலகத்துக்கு ஆங்கிலத்தில் அறிக்கை அனுப்ப வேண்டும். போன மாதம் எழுதியதில் மூன்று வாக்கியங்களைக் கொடுத்திருக்கிறார்: “சேல்ஸ் இஸ் கோயிங் இன் அப்வர்ட் டைரக்‌ஷன்.” “தி பிராஞ்ச் இஸ் ரெய்ஸ்டு 12 பர்சென்டேஜ்.” “ஸ்டாஃப்ஸ் ஆர் ஹைலி ப்ரோக்ரஸ்டு இன் இங்கிலீஷ்.” மேலாளர் படித்துவிட்டு, “புரியுது, ஆனா இங்கிலீஷ் மாதிரி இல்லையே” என்று சொல்லிவிட்டாராம். ஏற்றத்தைச் சொல்ல ஆங்கிலத்தில் இருக்கும் சொற்களில் எதை எங்கே போடுவது என்பதுதான் கேள்வி.

இதில் பாதி வேலையைத் தமிழே உங்களுக்குச் செய்து வைத்திருக்கிறது. விலை ஏறியது என்கிறோம். கடைக்காரர் விலையை ஏற்றினார் என்கிறோம். சம்பளம் உயர்ந்தது, முதலாளி சம்பளத்தை உயர்த்தினார். தானாக நடந்தால் ஏறு, உயர், கூடு. யாரோ செய்தால் ஏற்று, உயர்த்து, கூட்டு. பள்ளியில் தன்வினை, பிறவினை என்று படித்தது இதுதான். ஆங்கிலத்தில் ரைஸ், ரெய்ஸ் இரண்டுக்கும் நடுவே ஓடும் கோடும் இதே கோடுதான். உயர்ந்தது என்றால் ரைஸ். உயர்த்தினார் என்றால் ரெய்ஸ். ‘விலையை உயர்ந்தார்கள்’ என்று தமிழில் தூக்கத்தில்கூடச் சொல்ல மாட்டோம். ஆங்கிலம் என்று வந்துவிட்டால் மட்டும் ‘தி பிரைஸ் ரெய்ஸ்டு’ என்று கூசாமல் எழுதுகிறோம். எழுதும்முன் மனதுக்குள் ஒருமுறை தமிழில் சொல்லிப் பாருங்கள். ‘ஐ’ உருபு வருகிறதா? வந்தால் ரெய்ஸ், வராவிட்டால் ரைஸ். நான் பார்த்தவரை இதைவிடச் சுருக்கமான சோதனை கிடையாது.

ஓர் உண்மையான உதாரணத்தில் இதை ஓட்டிப் பார்ப்போம். 2022 மே மாதத்திலிருந்து 2023 பிப்ரவரிக்குள் ரிசர்வ் வங்கி தன் ரெப்போ வட்டியை (மற்ற வங்கிகளுக்குக் கொடுக்கும் கடனுக்கு அது வாங்கும் வட்டி) 4 சதவீதத்திலிருந்து 6.5 சதவீதத்துக்குக் கொண்டுபோனது. வீட்டுக்கடன் கட்டுகிறவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். வங்கியை வாக்கியத்தின் தலையில் வைத்தால் “தி ஆர்பிஐ ரெய்ஸ்டு தி ரெப்போ ரேட்”. வட்டியைத் தலையில் வைத்தால் “தி ரெப்போ ரேட் ரோஸ்”. உயர்த்தப்பட்டது என்று சொல்ல வேண்டுமானால் “தி ரெப்போ ரேட் வாஸ் ரெய்ஸ்டு”. மூன்றும் சரி. ‘தி ரெப்போ ரேட் ரெய்ஸ்டு’ மட்டும் தவறு. ரைஸின் இறந்தகாலம் ரோஸ், அப்புறம் ‘ஹேஸ் ரிஸன்’. ரெய்ஸ் பாவம், எல்லா இடத்திலும் ரெய்ஸ்டுதான்.

இந்தக் குழப்பமே வேண்டாம் என்றால் இன்க்ரீஸ் இருக்கிறது. அது இரண்டு பக்கமும் போகும்: “தி ரேட் இன்க்ரீஸ்டு”, “தி பேங்க் இன்க்ரீஸ்டு தி ரேட்”. அறிக்கைக்குப் பாதுகாப்பான சொல். ஆனால் கொஞ்சம் கஞ்சி போட்ட சட்டை மாதிரி விறைப்பு. ஆங்கிலேயர்களும் அமெரிக்கர்களும் பேச்சிலும் சாதாரண மின்னஞ்சலிலும் அதிகம் சொல்வது ‘கோ அப்’. “பிரைஸஸ் ஹேவ் கான் அப்.” யாராவது ஏற்றினால் ‘புட் அப்’. வீட்டுக்காரர் வாடகையை ஏற்றிவிட்டார் என்பதை “தி லேண்ட்லார்டு புட் தி ரென்ட் அப்” என்று சொல்வது பிரிட்டிஷ் பேச்சில் மிகச் சாதாரணம். சின்னச் சொல்லாக இருக்கிறதே, படிக்காதவன் என்று நினைத்துவிடுவார்களோ என்று நம்மவர்களுக்கு ஒரு பயம் உண்டு. அந்தப் பயத்தில்தான் ‘கோயிங் இன் அப்வர்ட் டைரக்‌ஷன்’ போன்ற வாக்கியங்கள் பிறக்கின்றன. பெரிய சொல்லைத் தேடிப் போனால் ஆங்கிலம் நன்றாக இருக்கும் என்பது நம் பள்ளிகள் ஊட்டிய நம்பிக்கை. அலுவலக ஆங்கிலத்தில் நடப்பது பெரும்பாலும் நேர்மாறு.

சரி, உங்கள் வாக்கியங்களுக்கு வருகிறேன்.

முதலாவதற்கு “சேல்ஸ் ஆர் கோயிங் அப்” போதும். விற்பனைத் தொகை என்ற பொருளில் சேல்ஸ் பன்மை, அதனால் ‘ஆர்’. இன்னும் இயல்பாக வேண்டுமானால் வினைச்சொல்லே தேவையில்லை: “சேல்ஸ் ஆர் அப்.” வணிகச் செய்தி எழுதுகிறவர்கள் அதிகம் கைவைக்கும் அமைப்பு இது. போன ஆண்டைவிட 12 சதவீதம் கூடுதல் என்பதற்கு “சேல்ஸ் ஆர் அப் 12 பர்சென்ட் ஆன் லாஸ்ட் இயர்” என்று பிரிட்டிஷ்காரர் எழுதுவார். அமெரிக்கர் அந்த ‘ஆன்’ இருக்கும் இடத்தில் ‘ஃப்ரம்’ அல்லது ‘ஓவர்’ போடுவார். நீங்கள் எதை வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளுங்கள், ஓர் அறிக்கைக்குள் இரண்டையும் கலக்காமல் இருந்தால் சரி.

இரண்டாவது வாக்கியம் சொல்வது வேறு. கிளை உயர்த்தப்படுகிறது என்றால், சாலையை மேடாக்கிவிட்டார்கள் என்று பழைய வீடுகளை ஜாக்கி வைத்துத் தூக்குகிறார்களே, அந்த வேலை உங்கள் கடையில் நடக்கிறது என்று அர்த்தம். உயர்ந்தது கிளை இல்லை, கிளையின் விற்பனை. இது ரைஸ், ரெய்ஸ் தகராறைவிடப் பெரிய விஷயம்: ஆங்கிலத்தில் ஏறுவது எது என்பதைச் சரியாகச் சொல்ல வேண்டும். வெளிநாட்டுப் படிப்புக்காக ஐஇஎல்டிஎஸ் எழுதுகிறவர்களும் இங்கேதான் அதிகம் வழுக்குகிறார்கள். அந்தத் தேர்வின் அகாடமிக் பிரிவில் முதல் எழுத்துக் கேள்வி பெரும்பாலும் ஒரு வரைபடம் அல்லது அட்டவணை. அதைக் குறைந்தது 150 சொற்களில் விவரிக்க வேண்டும், 20 நிமிடம் ஒதுக்கச் சொல்வார்கள். அங்கே ‘தி கிராஃப் இன்க்ரீஸ்டு’ என்று எழுதுவார்கள். கிராஃப் தாளில் அப்படியே கிடக்கிறது, அது எங்கே ஏறியது? ஏறியது மாணவர் எண்ணிக்கையோ மின்சாரப் பயன்பாடோதான். ‘தி ட்ரெண்ட் இன்க்ரீஸ்டு’ என்பதும் இதே ரகம். போக்கு கூடாது, எண் கூடும். போக்கைச் சொல்ல வேண்டுமானால் “தேர் இஸ் அன் அப்வர்ட் ட்ரெண்ட் இன் சேல்ஸ்” என்று போகலாம். ‘தி பிரைஸ் பிகேம் காஸ்ட்லி’ என்பதும் அப்படியே: பொருள் காஸ்ட்லி ஆகும், விலை ‘ஹை’ ஆகத்தான் இருக்கும். தமிழில் ‘வெங்காயம் ஏறிவிட்டது’ என்றால் விலைதான் என்று எல்லோருக்கும் தெரியும். ஆங்கிலம் அந்த விலையை வாய்விட்டுக் கேட்கும்: “ஆனியன் பிரைஸஸ் ஹேவ் கான் அப்.”

மூன்றாவது வாக்கியத்தைக் கொஞ்சம் தள்ளி வைக்கிறேன், ‘முன்னேற்றம்’ தனிக்கதை. அதற்குமுன் எண்களின் பக்கத்தில் நிற்கும் குட்டிச் சொற்கள்.

‘பை’ என்றால் எவ்வளவு கூடியது. ‘டு’ என்றால் எதுவரை வந்தது. “இன்க்ரீஸ்டு பை 12 லேக்ஸ்” என்றால் முன்பு இருந்ததற்கு மேலே 12 லட்சம். “இன்க்ரீஸ்டு டு 12 லேக்ஸ்” என்றால் இப்போது மொத்தமே 12 லட்சம். தமிழில் ‘12 லட்சம் கூடியது’, ‘12 லட்சமாகக் கூடியது’ என்று ஓர் ‘ஆக’ செய்யும் வேலையை அங்கே இந்த இரண்டும் பங்குபோட்டுக்கொள்கின்றன. இதை மாற்றிப் போட்டால் வெறும் இலக்கணப் பிழை இல்லை, தலைமை அலுவலகம் உங்கள் கணக்கையே தப்பாகப் புரிந்துகொள்ளும். பெயர்ச்சொல்லாகும்போது ‘பை’ ‘ஆஃப்’ ஆகிவிடும்: “அன் இன்க்ரீஸ் ஆஃப் 12 பர்சென்ட்”. எதில் என்பதற்கு ‘இன்’: “அன் இன்க்ரீஸ் இன் சேல்ஸ்”. இந்த இடத்தில் ‘ஆஃப் சேல்ஸ்’ சரிவராது. ஆனால் ரைஸ் பெயர்ச்சொல்லாக வரும்போது இரண்டுமே உண்டு, பொருள்தான் வேறு: “தி ரைஸ் இன் பிரைஸஸ்” என்றால் விலை கூடியது, “தி ரைஸ் ஆஃப் ஆன்லைன் ஷாப்பிங்” என்றால் அப்படி ஒன்று தோன்றி, பரவி, பெரிதானது என்ற வரலாறு.

சதவீதத்தில் ஒரு பொறி இருக்கிறது. தமிழ்நாட்டின் எழுத்தறிவு விகிதம் 2001 கணக்கெடுப்பில் 73.45 சதவீதம், 2011-ல் 80.09. எவ்வளவு கூடியது? கழித்தால் 6.64. ஆனால் ‘6.64 பர்சென்ட் கூடியது’ என்று எழுதினால் தவறு. அது ‘பர்சென்டேஜ் பாயின்ட்ஸ்’, அதாவது சதவீதப் புள்ளிகள். 73.45-ஐ அடிப்படையாக வைத்துக் கணக்குப் போட்டால் கூடியது ஏறத்தாழ 9 சதவீதம். இரண்டு எண்ணும் உண்மை, பெயர்தான் வேறு. ரெப்போ வட்டி விஷயத்தில் வங்கிக்காரர்கள் இந்தத் தகராறே வராமல் இருக்கத்தான் ‘பேசிஸ் பாயின்ட்ஸ்’ என்று பேசுகிறார்கள்: ஒரு சதவீதப் புள்ளியில் நூறில் ஒரு பங்கு. அந்த 2.5 புள்ளி உயர்வு 250 பேசிஸ் பாயின்ட்ஸ். எண்ணுக்குப் பக்கத்தில் ‘பர்சென்டேஜ்’ என்று மொட்டையாக எழுதாதீர்கள். எண்ணோடு வந்தால் ‘பர்சென்ட்’, எண் இல்லாமல் “எ ஸ்மால் பர்சென்டேஜ்” என்று வந்தால்தான் அது.

இரண்டு மடங்கு, மூன்று மடங்கு என்பதற்கு ‘இன்க்ரீஸ்டு பை த்ரீ டைம்ஸ்’ என்று எழுதினால் படிப்பவர்களில் பாதிப்பேர் மூன்று மடங்கு என்பார்கள், மீதிப்பேர் பழையதோடு மூன்று மடங்கு சேர்ந்து நான்கு என்பார்கள். வம்பே வேண்டாம்: ‘டபுள்டு’, ‘ட்ரிபிள்டு’.

இனி வேகம். தமிழில் விலை ஏறும், எகிறும், எகிறிக் குதிக்கும், கிடுகிடுவென உயரும், விண்ணைத் தொடும். ஆங்கிலத்திலும் இந்தத் தரவரிசை உண்டு, கொஞ்சம் கறாராக. மெதுவாக, யாரும் கவனிக்காதபோது ஏறினால் ‘க்ரீப் அப்’. சிறுகச் சிறுக என்றால் ‘எட்ஜ் அப்’. விடாமல் சீராக ஏறினால் ‘க்ளைம்’ (எழுத்தில் கடைசியில் ஒரு ‘பி’ உண்டு, வாயில் வராது). ஒரே தாவாகத் தாவினால் ‘ஜம்ப்’. அலைபோலத் திடீரென்று திரண்டு வந்தால் ‘சர்ஜ்’. மிக உயரத்துக்கு, மிக வேகமாகப் போனால் ‘சோர்’. ‘ஸ்பைக்’ என்பதை நம்மவர்கள் சோரின் தம்பி என்று நினைக்கிறார்கள், அது வேறு. ஸ்பைக் என்றால் சடாரென ஏறி, சடாரென இறங்கவும் வேண்டும். தீபாவளிக்கு முந்தைய வாரம் உங்கள் கடையில் நடப்பது ஸ்பைக். தீபாவளி முடிந்து கொஞ்ச நாள் ஈ ஓட்டிய கடை பொங்கல் நெருங்கியதும் சூடுபிடிக்கிறதே, அதற்கு ‘பிக் அப்’: “பிஸினஸ் பிக்ட் அப் பிஃபோர் பொங்கல்.” மந்தமாக இருந்தது மறுபடி நகரத் தொடங்கியது என்ற முழு விவரமும் அதற்குள் அடங்கிவிடும். எனக்குப் பிடித்த சொல். நம் அறிக்கைகளில் அதை ஏனோ காண்பதே இல்லை.

சில சொற்களுக்கு வேகத்தோடு முகச்சுளிப்பும் சேர்ந்து வரும். ‘எஸ்கலேட்’ அப்படிப்பட்டது. செலவு, சண்டை, பதற்றம், போர் இவைதான் எஸ்கலேட் ஆகும். ‘சேல்ஸ் எஸ்கலேட்டட்’ என்று எழுதினால் விற்பனை கைமீறிப் போய்விட்டதோ என்று தோன்றும். இந்தச் சொல்லின் பிறப்பே வேடிக்கை. எஸ்கலேட்டர் என்பது ஓடிஸ் நிறுவனத்தின் வணிகப்பெயர். எல்லோரும் நகரும் படிக்கட்டுகள் எல்லாவற்றையும் அப்படியே அழைத்ததால் 1950-ல் அந்த உரிமை அமெரிக்காவில் அவர்கள் கையைவிட்டுப் போனது. எஸ்கலேட் என்ற வினை, அந்தப் படிக்கட்டுக்கு அப்புறம் அதன் பெயரை வெட்டி எடுத்துச் செய்தது. புகாரை மேலதிகாரியிடம் கொண்டுபோவதை எஸ்கலேட் என்பது எல்லா நாட்டு அலுவலகங்களிலும் உண்டு, அதில் தவறில்லை. ‘ஆன் தி ரைஸ்’ என்ற தொடரும் பெரும்பாலும் குற்றம், நோய், வேலையின்மை போன்றவற்றோடுதான் திரியும். நல்ல செய்திக்கு “திங்ஸ் ஆர் லுக்கிங் அப்” என்று ஒன்று இருக்கிறது. நிலைமை தேறி வருகிறது என்பதற்கு அச்சாகப் பொருந்தும்.

‘எலிவேட்’ மருத்துவர்களுடையது: “எலிவேட்டட் பிளட் பிரஷர்”. உயர்நீதிமன்ற நீதிபதி உச்ச நீதிமன்றத்துக்குப் போவதையும் நம் பத்திரிகைகள் அப்படிச் சொல்லும். ‘அசெண்ட்’ என்றால் அரியணை, மலை, அவ்வளவுதான். 1953 மே 29 அன்று எட்மண்ட் ஹிலாரியும் டென்சிங் நோர்கேயும் எவரெஸ்ட் உச்சியை அடைந்ததை ஆங்கில நூல்கள் ‘தி ஃபர்ஸ்ட் அசெண்ட்’ என்று குறிக்கின்றன. புடவை விற்பனை அசெண்ட் ஆகாது.

அளவைச் சொல்லும் அடைமொழிகளில் ‘ஹைலி’யைத் தயவுசெய்து விட்டுவிடுங்கள். ‘ஹைலி இன்க்ரீஸ்டு’ என்று அவர்கள் சொல்வதில்லை. அது பண்புகளோடு வரும்: ஹைலி ஸ்கில்டு, ஹைலி பெய்டு. ஏற்றத்துக்கு ‘ஷார்ப்லி’, ‘ஸ்டெடிலி’, ‘ஸ்லைட்லி’, இல்லையென்றால் எளிய ‘எ லாட்’. ‘டிராஸ்டிக்லி’ என்ற சொல்லில் கடுமை ஒட்டிக்கொண்டிருக்கும். ஆட்குறைப்புக்குப் பொருந்தும், ஆடி விற்பனைக்கு ஆகாது.

அப்புறம் இந்த ‘அப்’. ‘கோ அப்’, ‘ஷூட் அப்’ இவற்றில் அப் இல்லாவிட்டால் பொருளே இல்லை. ஆனால் ‘பூஸ்ட் அப்’, ‘இன்க்ரீஸ் அப்’ இவற்றில் அது வேண்டாத விருந்தாளி. ‘ரைஸ் அப்’ இன்னும் ஆபத்து: மக்கள் கிளர்ந்தெழுவதற்கு அந்தப் பெயர். “தி ஒர்க்கர்ஸ் ரோஸ் அப்” என்று எழுதினால் தலைமை அலுவலகத்திலிருந்து போன் வரும். ‘அப்வர்ட்ஸ் ஆஃப் 500’ என்பதை 500 வரைக்கும் என்று பலர் படிக்கிறார்கள். அது 500-க்கும் மேல். 500 வரைக்கும் என்பது ‘அப் டு 500’. ஒப்பந்தத்தில் இந்த இரண்டையும் மாற்றிப் படித்தால் காசு போகும்.

ஏற்றத்தைச் சொல்வதைவிடக் கஷ்டமானது, ஏற்றத்தின் வேகம் குறைந்ததைச் சொல்வது. “இன்ஃப்ளேஷன் ஃபெல்” என்ற தலைப்பைப் பார்த்துவிட்டு விலை குறைந்துவிட்டது என்று பேசுவார்கள். பணவீக்கம் 6 சதவீதத்திலிருந்து 4-க்கு வந்தால் விலை இன்னமும் ஏறிக்கொண்டுதான் இருக்கிறது, முன்னைவிட மெதுவாக. உங்கள் அறிக்கையிலும் இது வரும்: போன காலாண்டில் விற்பனை 12 சதவீதம் கூடியது, இந்தக் காலாண்டில் 7 சதவீதம் கூடியது. ‘சேல்ஸ் டிக்ரீஸ்டு டு 7 பர்சென்ட்’ என்று எழுதிவிட்டால் உங்கள் கிளைக்கு நீங்களே குழி வெட்டுகிறீர்கள். “சேல்ஸ் க்ரோத் ஸ்லோடு டு 7 பர்சென்ட்” என்று எழுதுங்கள். குறைந்தது வளர்ச்சியின் வேகம், விற்பனை இல்லை. ஏறி ஏறி ஓரிடத்தில் நின்றுவிட்டால் ‘லெவல் ஆஃப்’. உச்சத்தைத் தொட்டால் ‘பீக்’.

ஏறியும் இறங்கியும் மொத்தத்தில் ஏறுவது? இதற்கு நல்ல படம் ஹவாய் தீவின் மௌனா லோவாவில் 1958-ல் சார்லஸ் டேவிட் கீலிங் தொடங்கிவைத்த கரியமில வாயு அளவீடு. ஒவ்வோர் ஆண்டும் மே மாதம் உச்சம், வட அரைக்கோளத்தின் செடிகொடிகள் கோடையில் வாயுவை உறிஞ்சியபின் செப்டம்பர் வாக்கில் தாழ்வு. இந்த ரம்பப்பல்லோடு அந்தக் கோடு அன்றைக்குப் பத்து லட்சத்தில் சுமார் 315 பங்கில் தொடங்கி இன்று 420-ஐத் தாண்டிவிட்டது. இதை ‘ஃப்ளக்சுவேட்டட்’ என்று மட்டும் சொன்னால் மொத்த ஏற்றம் காணாமல் போகும். ‘ரோஸ்’ என்று மட்டும் சொன்னால் பல் காணாமல் போகும். “இட் ரைஸஸ் அண்ட் ஃபால்ஸ் ஈச் இயர், பட் தி ஓவரால் ட்ரெண்ட் இஸ் அப்வர்ட்” என்று இரண்டையும் ஒரே மூச்சில் சொல்லலாம். பண்டிகைக்குப் பண்டிகை ஏறி இறங்கும் ஜவுளிக்கடைக் கணக்குக்கும் இந்த வாக்கியம் அப்படியே பொருந்தும்.

உடலால் ஏறுவதைப் பற்றிச் சுருக்கமாக. தமிழில் பஸ், கார், மாடி, மரம் எல்லாவற்றுக்கும் ஒரே ‘ஏறு’. ஆங்கிலத்தில் பஸ், ரயில், விமானத்தில் ‘கெட் ஆன்’. கார், ஆட்டோவில் ‘கெட் இன்’. மாடிப்படியில் ‘கோ அப்’. மரம், மலை, ஏணியில் ‘க்ளைம்’. உள்ளே நின்று நடமாட முடிகிற வண்டியா என்று பார்த்தால் ஆன், இன் குழப்பம் பெரும்பாலும் தீரும். ‘ஐ க்ளைம்டு தி பஸ்’ என்றால் கூரைமேல் பயணம்.

இப்போது முன்னேற்றம். இந்த ஒரு தமிழ்ச்சொல்லுக்குள் ப்ரோக்ரஸ், இம்ப்ரூவ்மென்ட், டெவலப்மென்ட், அட்வான்ஸ்மென்ட் எல்லாம் குடியிருக்கின்றன. உங்கள் மூன்றாவது வாக்கியத்தில் சொல்ல வந்தது ஊழியர்களின் ஆங்கிலம் தேறியிருக்கிறது என்று. அதற்கு “அவர்கள் தேறினார்கள்” என்று ஆட்களைச் சொல்வதைவிட அந்தத் திறமையைச் சொல்வது எளிது: “தி ஸ்டாஃப்ஸ் இங்கிலீஷ் ஹேஸ் இம்ப்ரூவ்டு எ லாட்.” இங்கே ஸ்டாஃப்ஸ் என்று ஒலிப்பது, ஊழியர்களின் என்ற உடைமை, எழுதும்போது ‘எஸ்’ஸுக்கு முன்னால் அபாஸ்ட்ரஃபி குறி (') போடுங்கள். ஊழியர்கள் என்பதற்கு ‘ஸ்டாஃப்’ என்றாலே போதும், ஒரு கடைக்குள் இருக்கிறவர்களைப் பன்மையாக்க ‘எஸ்’ சேர்க்க மாட்டார்கள். ‘டெவலப் மை இங்கிலீஷ்’ என்று நம்மூரில் சொல்வதும் ‘இம்ப்ரூவ் மை இங்கிலீஷ்’ ஆக வேண்டும்.

ப்ரோக்ரஸ் எண்ண முடியாத சொல். ‘எ ப்ரோக்ரஸ்’ கிடையாது, ‘ப்ரோக்ரஸஸ்’ என்று பன்மையும் கிடையாது. அதைச் ‘செய்ய’வும் மாட்டார்கள், ‘மேக்’தான்: “வி ஆர் மேக்கிங் குட் ப்ரோக்ரஸ் ஆன் தி ஸ்டாக் ஆடிட்.” வேலை பாதியில் நல்லபடியாகப் போகிறது என்பதற்கு இதைவிடப் பொருத்தமான வாக்கியம் இல்லை. இன்னொன்று, உச்சரிப்பு. பெயர்ச்சொல்லாக இருந்தால் முதல் அசையில் அழுத்தம், வினையாக இருந்தால் இரண்டாவதில். இன்க்ரீஸ், அப்கிரேட் இரண்டுக்கும் அதே கதை. அப்கிரேட் பற்றிப் பேசுகையில், ‘அப்கிரடேஷன்’ என்பது நம் நாட்டுச் சரக்கு. வெளிநாட்டு வாடிக்கையாளருக்கு எழுதும்போது ‘அப்கிரேட்’ என்றே விட்டுவிடுங்கள்.

ப்ரோக்ரஸ் எல்லா இடத்திலும் நல்லதும் இல்லை. மருத்துவ அறிக்கையில் “தி டிசீஸ் ஹேஸ் ப்ரோக்ரஸ்டு” என்று இருந்தால் நோய் முற்றியிருக்கிறது. முன்னேற்றம் என்று எழுதியிருக்கிறார்களே என்று குடும்பம் நிம்மதி அடைந்துவிடக்கூடாது. நோய் முன்னேறினால் நோயாளிக்குக் கெடுதல். “தி பேஷன்ட் இஸ் ப்ரோக்ரஸிங் வெல்” என்றால்தான் தேறி வருகிறார். ‘அட்வான்ஸ்டு ஸ்டேஜ்’ என்பதும் முற்றிய நிலைதான். இங்கேயும் கேட்க வேண்டியது பழைய கேள்வியே: முன்னேறுவது எது?

வாழ்க்கையில் முன்னுக்கு வருவதை நாம் ‘கம் அப் இன் லைஃப்’ என்று சொல்லிப் பழகிவிட்டோம். தென்னிந்தியாவில் எல்லோருக்கும் புரியும், நானும் பேச்சில் விடமாட்டேன். வெளியே போனால் ‘சம்திங் கேம் அப்’ என்பது திடீரென்று ஒரு வேலை வந்துவிட்டது என்று பொருள்படும், அதனால் கேட்பவர் சற்று முழிப்பார். கீழிருந்து உழைத்து மேலே வந்தவருக்கு அவர்களிடம் அருமையான தொடர் இருக்கிறது: “ஷி ஒர்க்டு ஹெர் வே அப் ஃப்ரம் கேஷியர் டு பிராஞ்ச் மேனேஜர்.” எங்கிருந்து எதுவரை என்பதும், அது சும்மா வரவில்லை என்பதும் சேர்ந்தே இருக்கிறது. வெகுதூரம் வந்துவிட்டார் என்றால் “ஹி ஹேஸ் கம் எ லாங் வே”. ‘க்ளைமர்’ என்று மட்டும் ஒருவரை அழைத்துவிடாதீர்கள். ‘சோஷியல் க்ளைமர்’ என்றால் பெரிய இடத்தில் ஒட்டிக்கொள்ளத் துடிப்பவர் என்ற வசவு.

பதவி உயர்வில் ‘ப்ரமோட்டட் ஆஸ் மேனேஜர்’ என்று நாம் எழுதுவது அங்கே “ப்ரமோட்டட் டு மேனேஜர்”. சம்பள உயர்வு பிரிட்டனில் ‘பே ரைஸ்’, அமெரிக்காவில் ‘எ ரெய்ஸ்’. ரைஸும் ரெய்ஸும் போதாதென்று இந்த ஒரு பெயர்ச்சொல்லில் இரண்டு நாடும் ஆளுக்கொன்றை எடுத்துக்கொண்டிருக்கிறார்கள். நம் ‘ஹைக்’ பத்திரிகைத் தலைப்பில் இடம் மிச்சம் பிடிக்க வந்த குட்டிச்சொல்; வட்டி உயர்வுக்கு அமெரிக்கப் பத்திரிகைகளும் போடுகின்றன. ஆனால் ‘ஐ காட் எ ஹைக்’ என்று அமெரிக்க நண்பரிடம் சொன்னால் காடு மேடெல்லாம் நடந்துவிட்டு வந்தாயா என்று நினைக்கக்கூடும், ஹைக் அவருக்கு முதலில் மலைநடைதான்.

பாராட்டுவதில் ஒன்று சொல்ல வேண்டும். மேலாளருக்குப் பதவி உயர்வு வந்தால் “கீப் இட் அப், சார்” என்று எழுதுகிறவர்கள் உண்டு. அது ஆசிரியர் மாணவனின் முதுகில் தட்டிச் சொல்வது, மேலிருந்து கீழே வரும் வாழ்த்து. உங்கள் மேலாளருக்கு “கங்கிராஜுலேஷன்ஸ் ஆன் தி ப்ரமோஷன், சார்” என்று அனுப்புங்கள்; கீப் இட் அப்பை அவர் உங்களுக்குச் சொல்லட்டும்.